குழியை மறக்காத மண்

பரவை என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முனியம்மாவின் கணீர்க்குரல்தான் ஞாபகத்துக்கு வரும். 2003-ல் வெளிவந்த ‘தூள்’ படத்துக்குப் பிறகு, மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு பட்டிதொட்டியெல்லாம் போனது. மதுரைக்காரர்களைக் கேட்டால் காய்கறி மார்க்கெட்டைச் சொல்வார்கள். திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, விளாங்குடி தாண்டியதும் வரும் ஊர்.

பரவைக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

1880-களின் பிற்பகுதியில், சென்னை மாகாணத் தொல்லியல் துறையில் இருந்த அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி மதுரைப் பக்கம் வந்தார். பரவையிலும் அனுப்பானடியிலும் மண்ணில் புதைந்து கிடந்த ஈமத்தாழிகளைத் தோண்டிப் பார்த்தார். இறந்தவர்களின் எலும்புகளைப் பெரிய பானைக்குள் வைத்து, கூடவே சின்னச் சின்ன மண்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்துப் புதைத்த காலம் ஒன்று இருந்தது. ‘முதுமக்கள் தாழி’ என்று பாடப்புத்தகத்தில் படிப்போமே, அதுதான். ஆதிச்சநல்லூரை உலகத்துக்குத் தெரியவைத்த அகழாய்வுகளை அதே ரீ செய்தது இதற்குப் பிறகுதான். அந்த வகையில் பரவை, ஆதிச்சநல்லூருக்கு மூத்த அக்கா.

அன்றைக்கு அனுப்பானடி மதுரைக்கு வெளியே இருந்த கிராமம். இன்றைக்கு மாநகராட்சிக்கு உள்ளே, தெருவும் வீடுமாக நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பகுதி. அங்கே தாழிகள் இன்னும் மிச்சம் இருந்தாலும் அவற்றின் மேல் கான்கிரீட் இருக்கும். பரவையைச் சுற்றியோ இன்னும் கொஞ்சம் வயலும் பொட்டலும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தோண்டாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது. அந்த வழியின் முதல் பாடம் எந்த விவசாயக் குடும்பத்துக்கும் புதிது கிடையாது.

எருக்குழி சொல்லும் பாடம்

மழை ஏமாற்றிய வருஷம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. அந்தக் காட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பயிர் பச்சைப்பசேல் என்று இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது.

“ஏன் தாத்தா அந்த எடத்துல மட்டும் பச்சையா இருக்கு?” என்று லீவுக்கு வந்த பேத்தி கேட்பாள்.

“அது நம்ம பழைய எருக்குழி கெடந்த எடம் தாயி. மூடி முப்பது வருஷம் ஆச்சு. மண்ணு மறக்குமா?” என்பார் தாத்தா.

தாத்தா ஒரு வரியில் சொன்னதைத்தான் தொல்லியல் அறிஞர்கள் ‘பயிர்த்தடம்’ என்கிறார்கள்.

விஷயம் எளிமையானது. பூமியில் ஒருமுறை குழி வெட்டி மூடிவிட்டால், அந்த மண் மறுபடி பழையபடி இறுகுவதே இல்லை. குழிக்குள் போய்ச் சேரும் மேல்மண் பொலபொலவென்று இருக்கும். மக்கிய இலைதழையும் சாம்பலும் அதில் கலந்திருக்கும். மழைத்தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பயிரின் வேர் அங்கே ஆழமாக இறங்கும். நல்ல மழை இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. எல்லா இடத்திலும் பயிர் நன்றாகவே இருக்கும். வறட்சி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். மற்ற இடத்துப் பயிர் மஞ்சளாகும்போது, குழிக்கு மேலே இருக்கும் பயிர் மட்டும் இன்னும் சில நாள் பச்சையாக நிற்கும்; உயரமாக வளரும்; தாமதமாக முற்றும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பயிருக்குக் கீழே பழைய சுவரோ, செங்கல் தளமோ, கல் பாவிய பாதையோ இருந்தால் வேர் இறங்க இடம் இருக்காது. அங்கே பயிர் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்ந்துவிடும். பச்சைக் கோடு என்றால் கீழே குழியோ அகழியோ இருக்கலாம். மஞ்சள் கோடு என்றால் கீழே சுவர் இருக்கலாம். தரையில் நின்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, திட்டுத்திட்டாகத்தான் தெரியும். மொட்டை மாடியிலிருந்து வாசல் கோலத்தைப் பார்ப்பதுபோல மேலேயிருந்து பார்த்தால்தான் வட்டம் வட்டமாகவும் சதுரம் சதுரமாகவும் தெரியும்.

விமானம் வந்த பிறகு அப்படிப் பார்க்க ஆள் கிடைத்தார்கள்.

விமானி கண்ட வட்டம்

1925 டிசம்பர். இங்கிலாந்தில் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி, உலகப் புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தார். முதல் உலகப்போரில் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர் அவர். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, உழுது கிடந்த ஒரு வயலில் வட்டமாக ஏதோ தெரிந்தது. வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள். அடுத்த கோடையில் அந்த வயலில் கோதுமை வளர்ந்து நின்றபோது மறுபடி பறந்து படம் எடுத்தார். இந்த முறை சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், கரும்பச்சைப் புள்ளிகளால் வரைந்ததுபோலக் கோதுமைப் பயிரில் தெரிந்தன.

மாட் கன்னிங்டன் என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1926-ல் அந்த இடத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் பெரிய மரத்தூண் நின்ற இடம். மொத்தம் ஆறு வட்ட வரிசைகள். மரம் எப்போதோ மக்கிப் போய்விட்டது. ஆனால், தூண் நடத் தோண்டிய குழியை நாலாயிரம் வருஷத்துக்குப் பிறகும் மண் மறக்கவில்லை. கல்லால் ஆனது ஸ்டோன்ஹெஞ்ச் என்பதால் மரத்தால் ஆன இதற்கு ‘வுட்ஹெஞ்ச்’ என்று பெயர் வந்தது. 1929-ல் நார்விச் நகருக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டத்தையும் இதே இன்சால் வானத்திலிருந்தே கண்டுபிடித்தார்.

‘ஹெஞ்ச்’ என்பது என்ன? வட்டமாக ஓர் அகழி. அகழியில் வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி எழுப்பிய கரை. உள்ளே போக ஒன்றோ இரண்டோ வழி. நம் ஊர்க் கோட்டைகளில் அகழி வெளியே இருக்கும், மதில் உள்ளே இருக்கும். எதிரி உள்ளே வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஹெஞ்சில் இது தலைகீழ். அகழி உள்ளே, கரை வெளியே. சண்டைக்கு இது உதவாது. கூட்டம் கூடவும் சடங்கு செய்யவும் அமைத்த இடம் என்றுதான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஒரு வேடிக்கை: ‘ஹெஞ்ச்’ என்ற பெயரே ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து பிறந்ததுதான். ஆனால், ஸ்டோன்ஹெஞ்சில் கரை அகழிக்கு உள்பக்கம் இருக்கிறது. கறாராகப் பார்த்தால், பெயர் கொடுத்த இடமே அந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை.

நீளம் போதாத குழாய்

அந்த ஸ்டோன்ஹெஞ்சுக்கே பயிர்த்தடம் ஒரு பெரிய உதவி செய்தது. அங்கே இன்று நிற்கும் வெளி வட்டத்தில் ஒரு பக்கம் கற்கள் இல்லை. அந்த வட்டம் எப்போதாவது முழுமையாக இருந்ததா, இல்லை பாதியிலேயே கட்டி நிறுத்திவிட்டார்களா என்று பல காலமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது.

2013 கோடையில் மழை குறைந்தது. ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியிருக்கும் புல்லுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். குழாயின் நீளம் போதவில்லை. ஒரு பகுதிக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. அங்கே புல் காய்ந்தது. காய்ந்த புல்லில் சில இடங்கள் மட்டும் அதிகமாக வெளுத்திருப்பதை அங்கே வேலை பார்த்த பராமரிப்பாளர் ஒருவர் கவனித்தார். அளந்து பார்த்தால், கல் இல்லாத இடத்தில் கல் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ, சரியாக அங்கே அந்தத் தடங்கள் இருந்தன. வட்டம் முழுமையாக இருந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்றானது. பெரிய பெரிய கருவிகளோடு பல முறை ஆராய்ந்த இடம் அது. கடைசியில் விடை கொடுத்தது, நீளம் போதாத ஒரு குழாயும், தினமும் அந்தப் புல்லைப் பார்த்துப் பழகிய ஒருவரின் கண்ணும்.

2018-ல் அயர்லாந்தில் கடும் வறட்சி. பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டுக்குப் பக்கத்தில், அந்தோணி மர்ஃபி, கென் வில்லியம்ஸ் என்ற இருவர் ஜூலை 10-ம் தேதி ட்ரோன் பறக்கவிட்டார்கள். ட்ரோன் காட்டிய படத்தில், அதுவரை யாருக்கும் தெரியாத பிரம்மாண்டமான வட்டம் ஒன்று வயலில் பசுமையாகத் தெரிந்தது. அது ஒரு ஹெஞ்ச். ட்ரோனில் கிடைத்ததால் ‘ட்ரோன்ஹெஞ்ச்’ என்ற பெயரும் வந்தது. மழை வந்து புல் தழைத்துவிட்டால் அந்த வட்டம் மறைந்துவிடும். அது தெரிந்த சில வாரத்துக்குள் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

நம் வயலில் ஏன் தெரிவதில்லை?

அப்படியானால் பரவையிலிருந்து சோழவந்தான் வரை ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டால் போதுமே என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், தண்ணீர். பயிர்த்தடம் தெரிய வேண்டுமென்றால் பயிர் தாகத்தில் தவிக்க வேண்டும். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது; பயிருக்குத் தாகமே இல்லை. அடியில் குழி இருந்தாலும் சுவர் இருந்தாலும் மேலே எல்லாம் ஒரே பச்சைதான். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து வைகையில் சேர்ந்தது. மதுரை மாவட்டத்தில் எவ்வளவோ புஞ்சை நஞ்சையானது. எத்தனையோ குடும்பங்கள் பசியிலிருந்து தப்பின. அந்தத் தண்ணீருக்கு இந்த மண் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. அதே தண்ணீர், நிலத்தடியில் இருப்பதை வானத்திலிருந்து பார்க்க முடியாதபடி ஒரு பச்சைத் திரையையும் போட்டுவிட்டது. தென்னந்தோப்பு இருக்கும் இடங்களில் திரை இன்னும் கெட்டி.

இரண்டாவது காரணம், அளவு. ஹெஞ்ச் என்பது நூறு மீட்டர் அகலம்கூட இருக்கும். நம் பக்கத்துச் சமவெளியில் இருப்பவை பெரும்பாலும் தாழிகள். ஒரு தாழியை இறக்கத் தோண்டும் குழி, நாம் தென்னங்கன்று வைக்கத் தோண்டும் குழியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவு சின்னப் புள்ளி விமானத்திலிருந்து தெரியாது. தாழ்வாகப் பறக்கும் ட்ரோனுக்குத்தான், அதுவும் மானாவாரிப் பயிர் வாடி நிற்கும் நாள்களில்தான், தெரிய வாய்ப்பு உண்டு.

வட்டம் என்று பார்த்தால் நம்மிடமும் கல்வட்டங்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்திலேயே பெருங்கற்காலப் புதைகுழிகளைச் சுற்றி வட்டமாகக் கல் நட்டிருப்பதைப் பார்க்கலாம். கல் கிடைக்கும் இடத்தில் கல்வட்டம், மண் செழித்த ஆற்றுச் சமவெளியில் தாழி என்பது பொதுவாகக் காணும் முறை. வேலிக்கும் வீட்டுக்கும் என்று வட்டத்தின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டாலும், கல் நட்ட குழி மண்ணில் தங்கிவிடும். ஸ்டோன்ஹெஞ்ச் புல் காட்டிக்கொடுத்ததும் அப்படிப்பட்ட குழியைத்தான்.

காலால் நடந்து கண்டது

வானத்திலிருந்து பார்க்க முடியாத குறையை மதுரைப் பக்கத்தில் மனிதர்களின் காலும் கண்ணும்தான் ஈடுகட்டின. கீழடியே அதற்குச் சாட்சி.

1970-களில் கீழடியில் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த பழைய பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்ட, பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் மதிப்பை உணர்ந்து பத்திரப்படுத்தி, தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தினார். அதற்குப் பிறகும் காலம் ஓடியது. 2013-14-ல் மத்திய தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு வைகையின் இரு கரையிலும் ஊர் ஊராக நடந்தது. பானை ஓடு கிடக்கிறதா, மண் நிறம் மாறியிருக்கிறதா, மேடு இருக்கிறதா என்று பார்த்தது. 293 இடங்களில் பழைய வாழ்வின் தடயங்கள் இருப்பதாகப் பதிவு செய்தது. அந்த 293-ல் ஒன்றுதான் கீழடி. தென்னந்தோப்புக்குள் இருந்த அந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் பள்ளிச்சந்தைத் திடல். 2015-ல் அங்கே தோண்டத் தொடங்கியதும் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன.

பின்னர் மாநிலத் தொல்லியல் துறை கீழடி ஆய்வைத் தொடர்ந்தபோது, எங்கே குழி போடுவது என்று முடிவு செய்ய ட்ரோன் படங்களும், மண்ணின் காந்தத்தை அளக்கும் கருவியும், தரையை ஊடுருவும் ராடாரும் துணைக்கு வந்தன. சுட்ட செங்கல், அடுப்பு, சூளை போன்றவற்றுக்குச் சுற்றியிருக்கும் மண்ணைவிடக் காந்தத் தன்மை மாறுபடும். கருவி அதைப் பிடித்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் கொந்தகை, கீழடி மக்களின் இடுகாடாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2020-லிருந்து அங்கே தோண்டத் தோண்டத் தாழிகள் வரிசையாக வெளிவந்தன.

ஆக, முதலில் பார்த்தது ஊர்க்காரர்களின் கண். பிறகு ஆய்வாளர்களின் கால். கடைசியாகத்தான் கருவிகள். 

மனையாகும் வயல்

இந்த வரிசைக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் வயலுக்கு நடுவே வண்ண வண்ணக் கொடிகள் பறக்கின்றன. மனை எல்லைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பொக்லைன் எந்திரம் ஒரு நாள் காலையில் வந்தால், மேடு பள்ளம் எல்லாம் சாயங்காலத்துக்குள் சமமாகிவிடும். வீடு வேண்டும் என்பது யாருடைய தவறும் இல்லை. சம்சாரி நிலத்தை விற்பதும் பெரும்பாலும் ஆசையால் அல்ல, கட்டுப்படியாகாததால்தான். ஆனால், அந்த நிலத்தின் கீழே என்ன இருந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் மூடுவது, படிக்காத கடிதத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம்.

ஓர் உடைந்த பானையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அந்த நெல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தார்கள். கி.மு. 1155 என்று முடிவு வந்தது. அதாவது இன்றைக்கு ஏறக்குறைய 3,200 வருஷத்துக்கு முன்னால், இறந்துபோன தங்கள் உறவுக்கு வழிச்சாப்பாடுபோல யாரோ நெல்லை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரிலும் ஈமக்குழியில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது. தாழி உடையாமல், உள்ளே இருப்பது கலையாமல், இருந்த இடத்திலேயே இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தன. பொக்லைன் வாளியில் அள்ளி லாரியில் கொட்டியிருந்தால், அது வெறும் ஓட்டாஞ்சல்லி.

மதுரைக்குள்ளேயே இதற்கு உதாரணம் உண்டு. பழங்காநத்தம் பகுதியில் கோவலன் பொட்டல் என்ற இடத்தில் 1980-ல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது அங்கும் தாழிகள் கிடைத்தன. இன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்க வீடும் கடையும்தான். அன்றைக்குத் தோண்டிப் பார்த்ததால்தான் அந்த ஒரு பக்கமாவது நமக்குக் கிடைத்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதற்கு ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் நிலம் இருந்தால், அல்லது நிலம் வைத்திருக்கும் தாத்தாவோ மாமாவோ இருந்தால் போதும்.

முதலில், பேச்சுக் கொடுங்கள். எந்த இடத்தில் பயிர் மட்டும் எப்போதும் செழிப்பாக வரும், எந்த இடத்தில் என்ன போட்டாலும் கருகும், எங்கே ஏர் ஓட்டினால் ஓட்டாஞ்சல்லி வரும் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த இடத்தின் பெயரையும் கேளுங்கள். நத்தமேடு, பழைய ஊர், சாம்பல்மேடு, பாண்டவர் குழி என்றெல்லாம் ஊரில் வழங்கும் பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. நத்தம் என்றால் குடியிருப்பு. ஆள் இல்லாத பொட்டலுக்கு நத்தமேடு என்று பெயர் இருந்தால், ஒரு காலத்தில் அங்கே ஊர் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, வாடும் நாள்களில் பாருங்கள். மானாவாரிச் சோளம், கம்பு, பயறு வகைகள் மழையில்லாமல் வாடத் தொடங்கும் வாரம்தான் சரியான நேரம். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழும்போது, லேசான மேடுகூட நிழலால் எடுப்பாகத் தெரியும். பக்கத்தில் மேடோ, மாடியோ, தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அங்கிருந்து ஒரு போட்டோ எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைத்தால் போதும். உழுது போட்ட புதிதில் மண்ணின் நிறத்தையும் கவனிக்கலாம். செவல் காட்டுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தால் அது கவனிக்க வேண்டிய இடம்.

மூன்றாவது, கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய வருஷப் படங்களையும் பார்க்கும் வசதி இருக்கிறது. ஈர வருஷத்துப் படத்தையும் காய்ந்த வருஷத்துப் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் விதிமுறைகளையும் தடை செய்யப்பட்ட பகுதிகளையும் தெரிந்துகொண்டு பறக்கவிட வேண்டும்.

நான்காவது, அவசரப்படாதீர்கள். பச்சையாகத் தெரியும் வட்டமெல்லாம் பழங்காலம் அல்ல. போன வருஷம் ஆட்டுக்கிடை போட்ட இடமும் பச்சையாகத்தான் இருக்கும். வைக்கோல் படப்பு இருந்த இடம் அச்சு அசலாக வட்டமாகவே தெரியும். தூர்த்த கிணறு, மூடிய எருக்குழி, பிடுங்கிய பனைமரத்தின் அடி, பழைய களத்துமேடு எல்லாமே தடம் விடும். அதனால்தான் படத்தோடு வயதானவர்களின் ஞாபகமும் வேண்டும். படம் காட்டும் தடத்துக்கு ஊரில் யாருக்கும் காரணம் தெரியவில்லை, கூடவே பழைய பானை ஓடுகளும் கிடக்கின்றன என்றால், அப்போது அது விஷயம்.

கடைசியாக, தோண்டாதீர்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் போடும்போதோ தாழி தெரிந்தால், உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்து உடைப்பவர்கள் உண்டு. தாழியில் பொதுவாக இருப்பது எலும்பும் மண்கலமும் துருப்பிடித்த இரும்பும்தான். அவற்றை விற்க முடியாது. ஆனால், அவற்றால் பேச முடியும். வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். பூமியில் கிடைக்கும் புதையலைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் பல தாழிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகின்றன. கீழடியில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இசைந்து இடம் கொடுத்ததால்தான் அகழாய்வு நடந்தது. அவர்களின் தென்னந்தோப்பைப் பார்க்க இன்று எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள்.

மறுபடியும் பரவை

அலெக்சாண்டர் ரீ பரவைக்கு வந்தபோது அவரிடம் விமானம் இல்லை, ட்ரோன் இல்லை, ராடார் இல்லை. மண்ணுக்குள் இருப்பதைப் பார்க்கும் கருவி எதுவுமே இல்லாத காலத்திலும் பரவைத் தாழிகள் பதிவுக்கு வந்தன. இன்றைக்கு ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது. மேலேயிருந்து எடுத்த படம் கைக்குள் இருக்கிறது. இல்லாமல் போய்க்கொண்டிருப்பவை இரண்டு. ஒன்று, உழாமல் கிடக்கும் அந்த நிலம். இன்னொன்று, அதை வருஷம் முழுக்கப் பார்த்துப் பழகிய தாத்தாக்களின் ஞாபகம்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, காட்டுப்பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். பயிர் வாடியிருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. எங்காவது ஓர் இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தால், தாத்தாவிடம் கேளுங்கள். “அது எருக்குழி தாயி” என்று சொன்னால் சிரித்துக்கொண்டு திரும்பி வரலாம்.

“அங்க என்னன்னு எனக்கும் தெரியல தாயி. எங்க தாத்தா காலத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு” என்று சொன்னால், அங்கேயே நின்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.